பாட்டிலுக்கு டெபாசிட், ஆளுக்கு அஞ்சலி

ஜாலி பாய் தீவுக்குப் போக வேண்டுமானால் முதலில் வண்டூர் படகுத்துறையில் பையைத் திறந்து காட்ட வேண்டும். தண்ணீர் பாட்டில், பிஸ்கட் உறை, தேங்காய் எண்ணெய் டப்பா எதுவானாலும் கேள்வி உண்டு. பாட்டில் கொண்டுபோகிறாயா, டெபாசிட் கட்டு. திரும்பி வந்து அதே பாட்டிலைக் காட்டி, கட்டிய காசை வாங்கிக்கொள். 1983இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா அது. அங்கே பவளப்பாறை இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால் இந்தக் கெடுபிடிக்கும் அதில் பங்கு உண்டு. அதனால் நான் குறை சொல்லப் போவதில்லை, கை தட்டவும் தயார். அந்தமான் அரசுக்கு எண்ணத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதே தீவுகளில் 2014 ஜனவரி 26 அன்று எண்ணுவது மறந்துபோயிற்று. காலையில் கொடியேற்றினார்கள். சாயங்காலத்துக்குள் ராஸ் தீவுக்கும் நார்த் பேவுக்கும் இடையே ‘அக்வா மரைன்’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. படகின் உரிமம் 25 பேருக்கு. ஏறியிருந்தவர்களோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் பலர் காஞ்சிபுரத்துக்காரர்கள், குடும்பம் குடும்பமாகக் கடல் பார்க்க வந்தவர்கள். இருபத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பட்டப்படிப்பு வேண்டாம், கைவிரலும் கால்விரலும் போதும். ஆனால் மனிதர்களுக்கு யாரும் டெபாசிட் வாங்கியிருக்கவில்லையே. திரும்பி வரவில்லை என்றால் யாருக்கு என்ன நட்டம்?

இப்படி ஒரு விபத்து நடந்த பிறகு நம் நாட்டில் பதில்கள் எந்த வரிசையில் வரும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். முதலாளி படகோட்டியைக் காட்டுவார். படகோட்டி ஏஜென்ட்டைக் காட்டுவான். ஏஜென்ட் பயணிகளைக் காட்டுவார்: “நான் வேண்டாம்னுதான் சொன்னேன் சார், அவங்கதான் எல்லாரும் ஒண்ணாப் போகணும்னு ஏறிட்டாங்க.” உரிமம் கொடுத்த துறை தன் கோப்பைக் காட்டும். நாங்கள் 25 பேருக்குத்தான் கொடுத்தோம், 26ஆவது ஆளுக்குக் கொடுத்ததாக ஒரு துண்டுச் சீட்டு இருந்தால் காட்டுங்கள் என்று கேட்கும். நியாயம்தானே! காகிதத்தில் அந்தப் படகு இன்றைக்கும் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. கடைசியில் விசாரணைக்கு உத்தரவு வரும். இங்கேயும் வந்தது.

அவர்கள் கடைசியாகச் சுற்றிப் பார்த்த ராஸ் தீவு இப்போது அந்தப் பெயரில் இல்லை. 2018 டிசம்பரில் அது நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவாயிற்று. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயரே ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பெயர்ப்பலகை என்றால் இந்த நாட்டில் கோப்பு தூங்குவதே இல்லை.

சரி, அந்தமானில் யார் சட்டையைப் பிடித்துக் கேட்பது? சென்னையில் ஒரு தெருவில் சாக்கடை வழிந்தால் திட்டுவதற்குக் கவுன்சிலர் இருக்கிறார், எம்.எல்.ஏ. இருக்கிறார், அவர் தேர்தலுக்கு வரும்போது கதவைச் சாத்திக்கொள்ளலாம். அந்தமானில் சட்டமன்றம் கிடையாது. இத்தனை தீவுக்கும் சேர்த்து ஒரே ஒரு எம்.பி. ஆட்சி நடத்தும் துணைநிலை ஆளுநரை டெல்லி அனுப்பும், டெல்லியே திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளும். பெரிய அதிகாரிகள் அருணாசலம், கோவா, மிசோரம், யூனியன் பிரதேசங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான பணிப் பிரிவிலிருந்து வருகிறவர்கள். கோப்பு முற்றுவதற்குள் ஆள் மாற்றலாகிவிடுவார். அடுத்து வருகிறவர், “நான் வருவதற்கு முன்னால் நடந்தது” என்பார். அதில் பொய் ஒன்றுமில்லை. தவறு நடந்த காலத்தில் பதவியில் இருந்தவர் யாரும் இப்போது இங்கே இல்லை, இப்போது இருப்பவர் யாரும் அப்போது இல்லை. வெள்ளைக்காரன் கைதிகளைக் கொண்டுவந்து தள்ளிய இடத்தில் அவனாவது கைதிக்கு ஒரு எண் கொடுத்து வைத்திருந்தான், தேடினால் ஆள் கிடைப்பான்.

இந்த ஏற்பாட்டின் முழு அழகையும் ரசிக்க விரும்புகிறவர்கள் அந்தமான் டிரங்க் ரோட்டுக்கு வர வேண்டும்.

ஜரவா பழங்குடிகளின் காட்டை ஊடறுத்துப் போகிறது அந்தச் சாலை. மொத்தமே சில நூறு பேர்தான் அவர்கள். நம் தடிமனும் தட்டம்மையும் அவர்களுக்கு எமன். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சேகர் சிங் தலைமையில் ஒரு ஆணையம் அமைத்தது. அவர் சில மாதங்களில் அறிக்கையைக் கொடுத்துவிட்டார். (ஆணையம் என்றால் பதினைந்து வருஷம் என்று பழகிய நமக்கு இதுவே அதிர்ச்சி.) 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது: ஜரவா பகுதி வழியாகப் போகும் சாலையை மூடு. நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம், எழுத்து மூலமாக, தேதி போட்டுச் சொன்னது.

சாலை மூடப்படவில்லை. அடுத்த நாளும் மூடப்படவில்லை, அடுத்த வருஷமும், அடுத்த பத்து வருஷமும். மூடாததற்காக எந்த அதிகாரியின் சம்பளத்திலும் ஒரு ரூபாய் குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மூடுவதற்குப் பதிலாக விதிகள் போட்டார்கள். ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டி, படிவம் நிரப்ப வேண்டும். வண்டிகள் குறித்த நேரத்தில் கான்வாயாக, முன்னாலும் பின்னாலும் போலீஸ் காவலோடு போக வேண்டும். நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் கொடுக்கக் கூடாது. பலகையில் எல்லாம் எழுதியிருக்கிறது. பலகையைப் படித்துவிட்டு டிரைவர் பின்னால் திரும்பி மெல்லிய குரலில் சொல்வார்: “கேமராவைக் கீழ வச்சுக்குங்க சார். வலது பக்கம் பாத்துக்கிட்டே வாங்க. அதிர்ஷ்டம் இருந்தா தெரிவாங்க.” ஒரு மனுசனைப் பார்ப்பதற்கு அதிர்ஷ்டம்! வழியிலுள்ள பாரட்டாங் தீவின் சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் டிக்கெட்டில் அச்சடித்த காரணங்கள். அச்சடிக்காத காரணம் வழியில் நிற்கிறது. முதுமலைச் சாலையில் ‘யானை வருமா’ என்று கேட்கும் அதே ஆவலோடு, அதே வாயால், நம் ஆட்கள் இங்கே கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகும் தேனிலவுக்காரர்களும் கம்பெனி டூர்க்காரர்களும் இதற்கு விலக்கல்ல. பிஸ்கட் பாக்கெட்டை ஜன்னல் வழியே வீசிவிட்டு, “பாவம், பசிக்கும்ல” என்று தனக்குத் தானே புண்ணியம் எழுதிக்கொள்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ரங்கத்திலும் மாயாபந்தரிலும் திக்லிபூரிலும் குடியேறி வாழும் மக்களுக்கு ஆபத்து என்றால் போர்ட் பிளேயரின் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்கு வர வழி வேண்டும். அவர்கள் கோபத்தில் அர்த்தம் இருக்கிறது. கப்பல் ஒழுங்காக ஓடினால் அவர்கள் ஏன் காட்டுச் சாலைக்கு வரப்போகிறார்கள்? கப்பலை ஒழுங்காக ஓட்டாத அதே அரசு, நோயாளியின் ஸ்ட்ரெச்சரை முன்னால் நிறுத்தி, அதன் மறைவில் சுற்றுலா வேன்களை வரிசையாக அனுப்புகிறது. திட்டம் போட்டவன் கெட்டிக்காரன்.

2012 ஜனவரியில் இங்கிலாந்துப் பத்திரிகையான ‘அப்சர்வர்’ ஒரு வீடியோவை வெளியிட்டது. ஜரவாப் பெண்களை, தின்பதற்குக் கொடுத்து, ஆடச் சொல்கிறார்கள். காவலுக்குப் போன போலீஸ்காரரே இதில் உடந்தை என்பது குற்றச்சாட்டு. உலகமே காறித் துப்பியது. இங்கே எழுந்த முதல் கவலை என்ன தெரியுமா? அது பழைய படம் என்பதுதான். பழைய படம் என்றால் ஆடச் சொன்னது சரியாகிவிடுமா? அப்படியே பழசு என்றால், இத்தனை வருஷமாக அங்கே காவல் காத்தவர்கள் எதைக் காத்தார்கள்?

அந்த அவமானத்தில் சட்டத்துக்கு வீரம் வந்தது. 1956இல் போட்ட பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையைத் திருத்தி, ஏழு ஆண்டு வரை சிறை என்று தண்டனையைக் கூட்டினார்கள். 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு அந்த வழியில் சுற்றுலாவை நிறுத்தியது. நிர்வாகம் ஜரவாக் காட்டைச் சுற்றிய இடைப்பகுதி (பஃபர்) பற்றிய புதிய அறிவிப்பு ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டியது. மார்ச் தொடக்கத்தில் தடை நீங்கிற்று. பதினொரு வருஷமாக மூடச் சொன்ன உத்தரவை நிறைவேற்ற நேரம் கிடைக்காத ஆபீசில், திறக்க வைக்கும் காகிதம் மட்டும் இத்தனை வேகமாகத் தயாராகிறது. இவர்களையா சோம்பேறிகள் என்கிறீர்கள்?

நம்மவர்களுக்குத் தாய்லாந்து என்றால் இளக்காரம். ‘அங்கெல்லாம் காசு கொடுத்தா எல்லாம் நடக்கும்’ என்பார்கள், பட்டாயாவிலிருந்து திரும்பிய மறுநாளே. ரெட் புல் குடும்பத்து வாரிசு ஒருவர் 2012இல் ஃபெராரி காரை மோதி ஒரு போலீஸ்காரரைக் கொன்றதாக வழக்கு. 2020இல் அரசுத் தரப்பே குற்றச்சாட்டுகளைக் கைவிட, அந்த நாடே கொதித்தது. 2018 ஜூலையில் புக்கெட் அருகே ‘ஃபீனிக்ஸ்’ என்ற சுற்றுலாப் படகு மூழ்கி 47 சீனப் பயணிகள் செத்தார்கள். அதே அந்தமான் கடல்தான். போர்ட் பிளேயருக்குச் சென்னையைவிட புக்கெட் கிட்டத்தில் இருக்கிறது, பழக்க வழக்கத்திலும். ஆனால் அந்தத் தாய்லாந்து ஒரு காரியம் செய்தது. பயணிகள் மிதித்துக் கெடுத்த மாயா பே கடற்கரையை 2018 ஜூனில் மூடினார்கள். நான்கு மாதம் என்று சொல்லி மூடியதை, பவளம் தேறவில்லை என்று நீட்டி, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். ஹாலிவுட் படம் எடுத்த கடற்கரை, காசு கொட்டுகிற இடம். கயிறு கட்டினார்கள், மூடிற்று. இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இதற்கும் ஒரு பதில் தயார் செய்துகொண்டால் நல்லது.

நம்மால் எதையுமே மூட முடியாது என்று சொல்ல வரவில்லை. சரணாலயத்தை மூடத் தெரியும். பெரிய நிக்கோபாரில் கலத்தியா வளைகுடா வனவிலங்கு சரணாலயம் இருந்தது, தோல்முதுகு ஆமைகள் முட்டையிட வரும் கரை. சரக்குப் பெட்டகத் துறைமுகம் வேண்டுமென்று 2021 ஜனவரியில் அதன் சரணாலயத் தகுதியை எடுத்துவிட்டார்கள். அதே மாதம் மத்திய அரசு வெளியிட்ட கடலாமைச் செயல்திட்டம் அந்தக் கரையை முக்கியமான முட்டையிடும் இடம் என்று சொல்கிறது. வலக்கை எழுதியதை இடக்கை படிக்கவில்லை. 130 சதுர கிலோமீட்டருக்கு மேல் மழைக்காடு திட்டத்துக்குப் போகிறது. ஈடாக மரம் நடுவது எங்கே? ஏறக்குறைய 3,000 கிலோமீட்டருக்கு அப்பால், ஹரியானாவில். விதிப்படி ஈடு கட்டியாகிவிட்டது. ஆமை மட்டும் குருகிராமுக்கு வழி கேட்டுக்கொண்டு போக வேண்டியதுதான்.

இத்தனைக்கும் நடுவே சட்டம் தன் பல்லைக் காட்டும் நாளும் உண்டு. 2018 ஆகஸ்டில் உள்துறை அமைச்சகம் 29 தீவுகளுக்கு வெளிநாட்டவர் போகத் தனி அனுமதி தேவையில்லை என்று தளர்த்தியது. பட்டியலில், வெளியாரை அண்டவிடாத பழங்குடிகள் வாழும் வடக்கு சென்டினலும் இருந்தது. நவம்பரில் அமெரிக்க மதப் பிரச்சாரகர் ஒருவர் அந்தக் கரையில் இறங்கிச் செத்தார். கைதானது யார்? அவரைப் படகில் கொண்டுபோன மீனவர்களும் உதவிய ஓரிருவரும். அவர்கள் செய்தது குற்றம்தான். ஆனால் அந்தத் தீவின் பெயரைப் பட்டியலில் சேர்த்த பேனாவை யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. 2025 மார்ச்சில் இன்னொரு அமெரிக்கர் அதே தீவில் இறங்கி, ஒரு தேங்காயையும் ஒரு டயட் கோக் கேனையும் காணிக்கை வைத்துவிட்டுத் திரும்பினார்.

மேலே இருப்பவர்களைத் தொட ஒரு முயற்சி நடந்ததையும் சொல்லாமல் விடக்கூடாது. தீவுகளில் ‘டிஆர்எம்’ என்று அழைக்கப்படும் தினக்கூலி மஸ்தூர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு உரிய கூலியைக் கொடு என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. நிர்வாகம் கேட்கவில்லை. அந்த நீதிமன்றத்தின் போர்ட் பிளேயர் அமர்வு 2023 ஆகஸ்ட் 3 அன்று தலைமைச் செயலரைச் சஸ்பெண்ட் செய்தது. துணைநிலை ஆளுநர் தன் சொந்தப் பணத்திலிருந்து ஐந்து லட்சம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்றது. கோர்ட் உத்தரவை மதிக்காதவர் தன் பையிலிருந்து காசு எடுப்பது என்ற அதிசயம் இந்தத் தீவுகளில் நடக்கப் போகிறது என்று ஒரு ராத்திரி முழுக்க நம்பலாம்போல இருந்தது. ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. தலைமைச் செயலரைச் சஸ்பெண்ட் செய்வது அளவுக்கு மீறியது என்பதில் சட்ட நியாயம் இருக்கலாம், நான் வக்கீல் இல்லை. மஸ்தூர் ஒருவன் மாதக்கணக்கில் உரிய கூலி இல்லாமல் இருப்பது எந்த அளவுக்குள் அடங்குகிறது என்று எந்த வக்கீலாவது சொன்னால் தெரிந்துகொள்கிறேன். ஜரவாக் காட்டுச் சாலையை மூடச் சொன்ன தன் சொந்த உத்தரவு பதினொரு வருஷம் தூங்கியபோது அதே உச்ச நீதிமன்றம் காட்டிய பொறுமைக்கும், இந்த ஒரு நாள் வேகத்துக்கும் நடுவில் எத்தனை நெடுந்தூரம்!

அந்தச் சாலை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மூடச் சொன்ன சாலை இப்போது தேசிய நெடுஞ்சாலை எண் 4. ஹம்ப்ரி நீரிணையைத் தாண்ட அதற்கு ‘ஆசாத் ஹிந்த் ஃபௌஜ் சேது’ என்று பெரிய பாலமும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நாளைக் காலையிலும் ஜிர்காட்டாங்கிலிருந்து முதல் கான்வாய் கிளம்பும். போகிறவர்கள் ஆதார் அட்டையை மறந்துவிடாதீர்கள். அட்டை இல்லாதவரை உள்ளே விடமாட்டார்கள், அங்கே ரொம்பக் கண்டிப்பு.