மேழிக்குப் பூண் கட்டுத பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. புரோகிராம் எழுத எந்த எடிட்டர் நல்லதுன்னு பங்குனியில தேட ஆரம்பிச்சே. சங்கரங்கோயில் ஆடித்தபசே வந்துட்டு. ஒரு வரி எழுதியாச்சா? திரை கறுப்பா இருக்கட்டுமா வெள்ளையா இருக்கட்டுமான்னுதானே ராத்திரி பூரா லைட்டு எரியுது. நம்ம கரிசல்ல மழை பெஞ்சு ஈரம் நிக்கையில, மேழிக்குப் பித்தளைப் பூணா இரும்புப் பூணான்னு ஒருத்தன் பட்டறையில நின்னானாம். அவன் திரும்பி வரதுக்குள்ள பக்கத்துப் புஞ்சையில உளுந்து ரெண்டு எலை விட்டுட்டு.

இவருக்கு என்ன தெரியும்னு பாக்காத. நீ போன்ல பேசுதது பூரா இந்தக் காதுலதான் விழுது. காலேஜுல ஒங்களுக்கு நீலத்திரை டர்போ சி. 1987ல வந்த சரக்கு. ஒங்கப்பன் மூக்கொழுகித் திரிஞ்ச காலம். அத இன்னைக்கு ஓட்டணும்னா டாஸ்பாக்ஸ்னு இன்னொண்ணுக்குள்ள அடைக்கணுமாம். பரீட்சையோட அதத் தல முழுகுனே, சரி.

பெறவு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ. அது 8 ஜிபி ராம் கேக்கு. அக்காவுக்கு அரசாங்கம் குடுத்த லேப்டாப்புல இருக்கது 4. கன்னுக்குட்டியப் பருத்திப் பொதி வண்டியில பூட்டுனா படுத்துக்கிடும்லா? அதுமேல கோவப்பட்டு என்னலே செய்ய?

அடுத்து எவனோ விம்தான் கெட்டிக்காரனுக்கு அழகுன்னான். உள்ள போயிட்டு வெளிய வரத் தெரியாம முழிச்சே. வெக்கப்படாத, ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுல அந்த ஒரு கேள்விய 10 லட்சம் பேரு எட்டிப் பாத்தாகன்னு 2017லயே சொல்லிட்டாக. எஸ்கேப்ப அமுக்கி, ரெண்டு புள்ளி வச்சு, கியூ போட்டு, எண்டரத் தட்டு. எழுதுனது வேண்டாம்னா கியூ பக்கத்துல ஒரு ஆச்சரியக்குறி. விம்ம உண்டாக்குன பிராம் மோலெனார்மேல எனக்கு ஒரு மரியாதை உண்டுலே. 1991ல வெளியிட்டவரு, உகாண்டாவுல ஏழப் பிள்ளைகளுக்கு ஒதவுங்கன்னு தொறந்ததும் தெரியுதாப்புல எழுதி வச்சாரு. 2023ல போய்ச் சேந்துட்டாரு. அவரு கலப்பை இன்னும் உழுதுக்கிட்டுதான் இருக்கு.

இப்ப வி.எஸ். கோடுல வந்து நிக்கே. 2015ல மைக்ரோசாஃப்ட் சும்மா குடுத்தது. நல்ல சாமான்தான். பைத்தான் எழுத ஒரு எக்ஸ்டென்ஷன் போதுங்காக. நீ 62 போட்டிருக்கே. அதுல மூணு, பூனைக்குட்டி திரையில நடக்கதுக்கு.

தென்காசி பக்கம் மத்தளம்பாறையில 2011லருந்து ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி ஆபீஸ் இருக்கு. அந்தக் கம்பெனிக்காரக, ஆபீஸ் இங்க வரதுக்கு முந்தியே, பிளஸ் டூ முடிச்ச பிள்ளைகளுக்கே 2005லருந்து பள்ளிக்கூடம் வச்சுச் சொல்லிக் குடுக்காக. அங்க போனா ஒன் பூனைக்குட்டி எத்தன எட்டு நடக்கும்னா கேப்பாக?

நம்ம பொதுக் கிணத்துல நாலு பங்காளி. எவனுக்கு எந்த நாள் மோட்டார் முறைன்னு சொல்ல ஒரு புரோகிராம் எழுதித் தாலேன்னு நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். இன்னைக்கு எழுதிருவோமா?

என்ன முழிக்கே, அப்டேட் ஆகுதா? ஆகட்டும், ஆகட்டும். நான் அதுக்குள்ள போயி மோட்டார் ரூமு செவத்துல கரித்துண்டால எழுதிட்டு வந்துருதேன்.