பெட்டி பேசிய காலம்

2000களின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் என்றால் அசெம்பிள் செய்த பெட்டிதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மதர்போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க், கேபினெட் எல்லாம் தனித்தனியாக வாங்கி, தெரிந்தவர் ஒருவர் பூட்டிக் கொடுத்தது. அது ஆன் ஆகாவிட்டால் பக்கத்துத் தெரு அண்ணன் வருவார். ஸ்க்ரூடிரைவரைத் தொடாமல், "தம்பி, சுவிட்சைப் போட்டுட்டுப் பேசாம கேளு. அதுவே சொல்லும்" என்பார்.

நிஜமாகவே சொல்லும். எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையில் வோல்டேஜ் சீரானதும் மதர்போர்டுக்கு 'பவர் குட்' என்ற 5 வோல்ட் சிக்னல் போகும். அதுவரை ப்ராசசர் வேலையைத் தொடங்காது. பிறகு பயாஸ் என்ற தொடக்க மென்பொருள் ரேமையும் டிஸ்ப்ளே கார்டையும் சோதிக்கும். திரையில் எழுத்து வருவதற்கு முன்பே கோளாறு என்றால், அதைச் சொல்ல இருந்த ஒரே வாய் உள்ளே இருந்த சின்ன ஸ்பீக்கர். 1981இல் வந்த ஐபிஎம் பிசியிலேயே இந்த ஏற்பாடு உண்டு. அவார்டு பயாஸில் நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு பீப் வந்தால் டிஸ்ப்ளே கார்டு. நீள பீப் விடாமல் அடித்தால் ரேம். ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறக் காலைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, இரு பக்கக் கிளிப்பும் 'டக்'கென்று விழும்படி அழுத்துவார் அண்ணன். தொடுமுனையில் படிந்த அழுக்கு போனதும் பெட்டி உயிர் பெற்றுவிடும்.

சத்தமும் இல்லை, ஃபேனும் சுற்றவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே கழற்றி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பியால் இணைத்துப் பார்ப்பார். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் போதும். ஹார்ட் டிஸ்க் மட்டும் நன்றாக இருந்தால் அதை வேறொரு பெட்டியில் மாட்டிக் கல்யாணப் படங்களைக் காப்பி எடுத்துவிடலாம். எதையும் ஊகிக்காமல், ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகும் அந்த ஒழுங்கை நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை.

இன்று வீட்டில் இருப்பது மெல்லிய லேப்டாப். பல மாடல்களில் ரேம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. தேய்க்க ரப்பர் இருந்தும் பயனில்லை. விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பூட்டு போட்ட டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் ஒரு படம்கூடத் திறக்காது. திருட்டுப் போன லேப்டாப்பில் இருக்கும் நம் ஆவணங்களைக் காப்பதும் இந்தப் பூட்டுதான். அதற்காக அதை மதிக்கிறேன். ஆனால் சாவி எங்கே என்று தெரியாத குடும்பத்துக்கு அது சொந்த வீட்டுக்கே பூட்டு.

2024 ஜூலை 19 அன்று நடந்ததைப் பாருங்கள். க்ரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர்களில் பலவற்றை மீட்க, ஒவ்வொன்றின் முன்னும் ஒருவர் உட்கார்ந்து, சேஃப் மோடில் போய், ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கர் இருந்த இடங்களில் முதலில் அந்தச் சாவியைத் தேட வேண்டியிருந்தது. அண்ணன் கற்றுத்தந்த வரிசை அன்றும் மாறவில்லை: கரண்ட் வருகிறதா, டிஸ்ப்ளே வருகிறதா, டிஸ்க் தெரிகிறதா, விண்டோஸ் எந்த இடத்தில் நிற்கிறது?

இந்த வரிசையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும் ரெக்கவரி கீயை இன்றே ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டோடு வையுங்கள். முக்கியமான படங்களுக்கு வெளியே ஒரு காப்பி இருக்கட்டும். அடுத்த லேப்டாப் வாங்கும்போது கடைக்காரரிடம், "ரேமையும் எஸ்எஸ்டியையும் கழற்ற முடியுமா?" என்று கேளுங்கள். வாங்குகிறவர்கள் விடாமல் கேட்டால்தான் தயாரிப்பவர்கள் பழுது பார்க்கக்கூடிய இயந்திரத்தைச் செய்வார்கள்.