சிங்கிள் பீஸும் கூரியர் உண்டு

தெருவுக்கு ஒரு பிள்ளையார் என்றிருந்தது போய், தெருவுக்கு ஒரு சேலை அக்கா என்று ஆகிவிட்டது. பிள்ளையாருக்காவது சதுர்த்திக்குச் சதுர்த்திதான் கூட்டம். அக்காவுக்குத் தினமும் 'நியூ அரைவல்'.

நான் சொல்வது திருச்சி உறையூரில் எங்கள் எதிர்வீட்டு அக்காவை. உங்கள் தெரு அக்காவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றினால் அதுவும் சரியே. என்னைவிட வயதில் சின்னவர். ஆனால் தெருவே அக்கா என்பதால் எனக்கும் அக்கா. அவருக்கு நான் அண்ணா. குரூப்புக்குள் நுழைந்துவிட்டால் இந்த முறைக் குழப்பமெல்லாம் தீர்ந்துவிடும். அங்கே கல்லூரிப் பெண்ணிலிருந்து பேரன் எடுத்த பாட்டி வரைக்கும் எல்லோரும் 'சிஸ்'. ஆண்களுக்கு அனுமதி கிடையாது. என் மனைவி அடுப்படியில் இருக்கும் நேரம் பார்த்து அவர் போனில் படித்துத்தான் நான் இவ்வளவும் தெரிந்துகொண்டேன்.

குரூப்பின் பெயரில் முன்னால் ஒரு ஸ்ரீ. அடுத்து மகள் பெயரின் முன்பாதி, அதோடு ஒட்டி மகன் பெயரின் பின்பாதி, கடைசியில் 'கலெக்‌ஷன்ஸ் – 7'. ஒரு குரூப்பில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது என்று வாட்ஸப் வைத்திருந்த காலத்தில் ஒன்று நிரம்ப ஒன்று தொடங்கி இப்படி ஏழு ஆனது. 2022-இல் அதை 512 ஆக்கி, அந்த வருஷமே 1024 ஆகவும் ஆக்கிவிட்டார்கள். "ரெண்டே குரூப்ல எல்லாரையும் அடக்கிரலாமே" என்று கேட்டேன். "ரெண்டுன்னு போட்டா நேத்துதான் ஆரம்பிச்சிருக்கான்னு நினைப்பாங்கண்ணா. ஏழுன்னு இருந்தாத்தான் ஒரு இது" என்றார். அந்த 'இது'வுக்கு மேல் நான் வாதம் செய்யவில்லை.

குரூப் போக பிராட்காஸ்ட் லிஸ்ட் என்று ஒன்று உண்டு. அதில் ஒரு பட்டியலுக்கு 256 பேர். நம் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். இந்த ஒரு விதி அக்காவின் நடவடிக்கையையே மாற்றிவிட்டது. கல்யாண வீட்டில் அட்சதை போட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கினால், பக்கத்தில் நிற்கும் அம்மாளிடம் முதலில் கேட்பது "சாப்டீங்களா" இல்லை, "என் நம்பரை சேவ் பண்ணிட்டீங்களா?" பண்ணுகிறேன் என்று சொன்னால் நம்ப மாட்டார். போனை வாங்கித் தானே பதிந்து, பெயருக்குப் பின்னால் 'சேலை' என்றும் சேர்த்துவிட்டுத்தான் பந்திக்குப் போவார்.

காலை ஆறு மணிக்குக் கிழமைக்கு ஏற்ற சாமி படத்தோடு வணக்கம். பிள்ளைகள் பள்ளிக்கும் கணவர் வேலைக்கும் போன பிறகு, பத்து மணிக்கு அடைமழை. ஒரே மூச்சில் நாற்பது ஐம்பது படம். அடியில் 'பீச் கலர் வித் காப்பர் ஜரி, ரிச் பல்லு, ரன்னிங் பிளவுஸ், மல்டிபிள்ஸ் அவைலபிள், சிங்கிள் பீஸும் கூரியர் உண்டு, 649 + ஷிப்பிங்'. விலை எப்போதும் 49-இலோ 99-இலோதான் முடியும். 650 என்று முழுசாகச் சொல்ல வியாபாரிக்கு என்ன வெட்கமோ, உலகம் முழுக்க அந்த ஒரு ரூபாய்க்கு ஒரு மரியாதை.

இந்தச் சேலைகளில் பத்தில் எட்டு அக்கா வீட்டில் இல்லை. எங்கேயோ இளம்பிள்ளையிலோ சூரத்திலோ ஒரு வியாபாரியின் அலமாரியில் இருக்கின்றன. அந்த வியாபாரிக்கு ஒரு குரூப். அதில் மொத்த வியாபாரிகள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு குரூப். அதில் நம் அக்காவைப் போன்ற ரீசெல்லர்கள். படம் ஒரே படம்தான். கழுத்துக்கு மேல் வெட்டப்பட்ட அதே மாடல், அதே ஊஞ்சல், அதே பிளாஸ்டிக் மல்லிகை. ஒவ்வொரு கையிலும் விலை மட்டும் நூறு நூற்றைம்பது ஏறும். மேலே உள்ளவரின் பெயரும் எண்ணும் இருக்கும் இடத்தில் ஒரு ரோஜாப்பூ எமோஜி உட்காரும். ஆர்டர் வந்தால் பணத்தை வாங்கித் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை மேலே அனுப்ப வேண்டியதுதான். பார்சலில் அனுப்புநர் முகவரியாக அக்காவின் பெயரை ஒட்டி அங்கிருந்தே போட்டுவிடுவார்கள். ஆக, அக்கா கண்ணால் பார்க்காத சேலையை, அக்காவைக் கண்ணால் பார்க்காத ஒருவர், அக்காவின் பெயரில், அக்கா போயே இராத ஊருக்கு அனுப்பிவைக்கிறார். சேலை வந்ததும் வாங்கியவர் "சூப்பரா செலக்ட் பண்ணியிருக்கீங்க சிஸ்" என்று எழுதுகிறார். அக்கா ஒரு இதயம் போடுகிறார்.

ஒரு நாள் அவசரத்தில் மேலிடத்துப் படத்தை விலை அழிக்காமல் அப்படியே தட்டிவிட்டார். தன் விலை 649, படத்தில் 520. அழிப்பதற்குள் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். 'சிஸ், 520ன்னு போட்டிருக்கே?' என்று கேள்வி மேல் கேள்வி. வேறு யாராக இருந்தாலும் போனை அணைத்துவிட்டுப் படுத்திருப்பார்கள். அக்கா அரை நிமிஷத்தில் பதில் போட்டார்: 'அது பிளவுஸ் இல்லாத ரேட் சிஸ்.' பிளவுஸ் இல்லாததே வேண்டும் என்று மூன்று பேர் கேட்டார்கள். 'சோல்ட் அவுட் சிஸ்.'

பொய் சொல்கிறாரே என்று அவரை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் முடியாது. 'சாஃப்ட் சில்க்' விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 649 ரூபாய் சேலையில் பட்டுப்புழுவுக்கு ஒரு பங்கும் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். அசல் பட்டுக்கென்று மத்திய பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்த சில்க் மார்க் முத்திரை தனியாக இருக்கிறது. என் மனைவி நேராகவே கேட்டார்: "இது பட்டுதானா?" அக்கா துளியும் தயங்காமல், "சில்க் இல்ல சிஸ், சாஃப்ட் சில்க்" என்றார். இதைவிட நேர்மையாக ஒரு மனுஷி எப்படிப் பதில் சொல்வது?

இதெல்லாம் ஆசைக்கு ஆரம்பித்ததில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கணவருக்குப் பாதிச் சம்பளம், அடுத்து அதுவும் இல்லை. கூரியர் மறுபடி ஓடத் தொடங்கியதும் தங்கச்சியின் நாத்தனார் ஒரு குரூப்பில் சேர்த்துவிட்டார். அந்தச் சமயம் இணையத்தில் நெரிசல் என்று இந்தியாவில் வாட்ஸப் ஸ்டேட்டஸ் வீடியோவை முப்பது நொடியிலிருந்து பதினைந்தாகக் குறைத்திருந்தார்கள். அக்கா தொழில் பழகியது அந்தப் பதினைந்து நொடிக்குள். முந்தி, உடல், பார்டர், பிளவுஸ், பின்பக்க நூல், விலை என்று ஐந்தரை மீட்டரையும் ஒரே வீச்சில் காட்டி முடித்துவிடுவார். அளவை அப்புறம் நீட்டிவிட்டார்கள், ஆனாலும் அக்காவின் கை இன்னும் அந்த வேகத்தில்தான் போகிறது. பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். சேலை பிடித்துவிடும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு லைவ். அதற்கென்று கொஞ்சம் சரக்கு பீரோவில் வைத்திருக்கிறார். படுக்கையறைச் சுவரில் மெரூன் திரை, எதிரில் ரிங் லைட், போனுக்கு முட்டுக்கொடுக்கத் துவரம்பருப்பு டப்பா. "ஹாய் சிஸ்டர்ஸ், எல்லாரும் சாப்டீங்களா? லைவுக்கு வந்தவங்க ஒரு ஹார்ட் போட்டுட்டுப் போங்க. இந்தக் கலர் பாருங்க, போட்டோல வேற மாதிரி தெரியும், நேர்ல சும்மா அள்ளும்" என்று தேனாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று அதே வாயில், குரல் மட்டும் வேறாக, "டேய், வைஃபையைப் புடுங்குனது யாருடா?" உடனே மறுபடி தேன். பின்னணியில் குக்கர் விசில் அடிக்கும். மாமியார் திரையை விலக்கி, யாரிடம் பேசுகிறாள் என்று எட்டிப் பார்ப்பார். அவருக்கு 112 பேர் வணக்கம் சொல்வார்கள்.

முதலில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியவருக்கே சேலை. இரண்டு பேர் ஒன்றாக அனுப்பினால் முதலில் ஜீபே பண்ணியவருக்கு. பணம் அனுப்பியதாக ஒட்டு வேலை செய்த படத்தைக் காட்டி ஒருத்தர் இரண்டு சேலையைக் கொண்டுபோன பிறகு, வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தால்தான் நம்புகிறார். முன்பெல்லாம் சம்பளத் தேதியைக் கேட்டுக் கடன் கொடுத்த தெரு இது. இப்போது ஐந்து வீடு தள்ளி இருப்பவரும் யுபிஐயில் போட்டால்தான் உண்டு.

வாடிக்கையாளர்களைப் பற்றி எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். விலை எழுதிய படத்துக்குக் கீழேயே 'விலை ப்ளீஸ்' என்பவர்களை விட்டுவிடலாம். ஒருவர் படம் கேட்டார். அப்புறம் வீடியோ. அப்புறம் வெயிலில் வைத்து. அப்புறம் நிழலில். அப்புறம் தோளில் போட்டு. ஐந்தாம் நாள் 'அம்மாட்ட கேட்டுச் சொல்றேன் சிஸ்' என்று எழுதினார். முகவரி கேட்டால் 'பெரிய தண்ணித் தொட்டி பக்கத்துல' என்று வரும். பின்கோடு 1972-இல் வந்தது. இன்னமும் 'நீங்களே கூகுள்ல பார்த்துக்குங்க சிஸ்' என்கிறார்கள். அக்காவின் கணவருக்கு இதனால் தமிழ்நாட்டின் பாதி பின்கோடு மனப்பாடம். வேலை விட்டு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டதும் அவருக்கு இரண்டாம் ஷிப்ட் தொடங்கும். சேலையை மடித்து, பாலித்தீன் உறையில் போட்டு, ஒரு நன்றி அட்டையும் ஒரு குங்குமப் பொட்டலமும் வைத்து, பிரவுன் டேப்பைப் பல்லால் கடித்து இழுத்து ஒட்டுவார். ஒட்டும்போது ஒரு வார்த்தை பேச மாட்டார். டேப் வாயில் இருக்கும்.

டேமேஜ் என்று சொன்னால் அன்பாக்சிங் வீடியோ வேண்டும். பார்சலைப் பிரிப்பதற்கு முன்பிருந்து, நடுவில் நிறுத்தாமல் எடுத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தேனியிலிருந்து ஒரு அம்மாள் அனுப்பிய வீடியோவை அக்கா என் மனைவிக்குக் காட்டினார். பதினோரு நிமிஷம். அதில் முதல் நான்கு நிமிஷம் கத்திரிக்கோலைத் தேடுகிறார்கள். பையன் கேமராவைப் பிடித்தபடியே கூடப் போகிறான். பீரோ, தையல் மெஷின், ஃபிரிட்ஜ் மேல்தட்டு எல்லாம் நமக்குக் காணக் கிடைக்கிறது. மாமனார் "பிளேடால கிழிச்சிராதம்மா" என்று ஆறு தடவை சொல்கிறார். கடைசியில் முந்தியில் அரை அங்குலத்துக்கு ஒரு நூல் இழுத்திருக்கிறது. அக்கா மாற்றிக் கொடுத்துவிட்டார். "அந்த வீட்டையே பார்த்துட்டேன், இனிமே எப்படி இல்லைன்னு சொல்றது?" என்றார்.

ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு கிரேக்கக் கடல் பயணக் குறிப்பில் 'அர்காரு' என்ற ஊரின் மெல்லிய துணியைப் பற்றி எழுதியிருக்கிறது. அது உறையூர்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மரக்கலத்தில் போன அந்தத் துணிக்கு ரோமாபுரிச் சீமாட்டிகள் அன்பாக்சிங் வீடியோ எடுத்தார்களா என்பது பற்றி நூலில் குறிப்பில்லை. அதே உறையூரில் உட்கார்ந்துகொண்டு சூரத் சேலையைத் தேனிக்கு விற்கிறாரே என்று எனக்கு ஒரு சின்னத் தாங்கல் உண்டு. சொல்லியும் பார்த்தேன். "உறையூர் காட்டன் போட்டா லைக் போடுறாங்கண்ணா, வாங்க மாட்டேங்குறாங்க" என்றார்.

ஒரு தடவை ஒரே நேரத்தில் அளவுக்கு மேல் அனுப்பினார் என்று அவர் எண் முடங்கிவிட்டது. ஏழு குரூப்பும் போச்சு. தெருவே துக்கம் விசாரிக்க வந்தது. அக்கா அழவில்லை. பீரோவுக்குள்ளிருந்து ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்தார். அதில் ஒரு பக்கத்துக்கு ஒரு வீடு. யாருக்குப் பச்சை ஆகாது, யார் மாமியாருக்குத் தெரியாமல் வாங்குகிறவர், யார் வீட்டுக்காரர் வந்தால் பாதி விலைதான் சொல்ல வேண்டும், யார் பெண்ணுக்கு எந்த மாதம் வளைகாப்பு என்று எல்லாம் பென்சிலில். சைக்கிளில் மூட்டை கட்டி வந்து தவணைக்குச் சேலை கொடுத்த பாய் ஒருவர் எங்கள் சின்ன வயதில் இருந்தார். அவருக்கும் எல்லா வீட்டுக் கல்யாணமும் மாசக் கணக்கில் தெரியும். மூட்டை போனுக்குள் போய்விட்டது, மற்றபடி இவர் அவரேதான். புது எண் வாங்கிக்கொண்டு அந்த வெள்ளிக்கிழமையே வெக்காளியம்மன் கோயில் வரிசையில் போய் நின்றார். முன்னால் நின்றவரிடம், "உங்க நாத்தனார் கல்யாணம் ஆவணியிலதானே? ராமர் பச்சை ஒண்ணு வந்திருக்கு, உங்களை நினைச்சு எடுத்து வச்சேன்" என்று தொடங்கி, தீபாராதனைக்குள் நாற்பது நம்பர் சேர்த்துவிட்டார். கடை ஒன்று பிடித்துப் போட்டுவிடலாமே, இந்தத் தொல்லை இருக்காதே என்று யாரோ கேட்டதற்கு, "கூரையில்லாம வெக்காளியம்மாளே இருக்கா, கடையில்லாம நான் இருந்தா என்ன?" என்றாராம்.

இப்போது பயிற்சி வகுப்பு வேறு தொடங்கப்போகிறார். 'வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம், முதலீடு தேவையில்லை, கட்டணம் 499.' எழுதத் தெரிந்தவன் என்று என்னிடம் போஸ்டருக்கு வாசகம் கேட்டு வந்தார். எழுதிக் கொடுத்தேன். ஏற்கெனவே எங்கள் தெருவிலேயே நாலு பேர் ரீசெல்லர், என் மனைவியும் யோசித்துக்கொண்டிருக்கிறார். "எல்லாரும் விக்கக் கிளம்பிட்டா வாங்குறது யாருக்கா?" என்று கேட்டேன்.

"சேலை விக்கிறவளும் சேலை கட்டத்தானேண்ணா வேணும்?" என்றார்.