கட்டைவிரல் பரிசோதனைச்சாலை

ஞாயிற்றுக்கிழமை காலை, அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் யாராவது பைக்கின் டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் போதும். இரண்டாம் மாடியிலிருந்து ரப்பர் செருப்புச் சத்தம் இறங்கி வரும். ஆயில் சார் வருகிறார்.

வந்தவர் நேராகக் குந்துவார். தட்டில் வடியும் பழைய ஆயிலில் ஆள்காட்டி விரலைத் தோய்த்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்ப்பார். கல்யாண வீட்டில் பாகுக்குக் கம்பிப் பதம் பார்க்கும் சமையல்காரரின் முகம் அப்போது அவருக்கு. பிறகு விரல் மூக்கருகே போகும். ஒரு தடவை நாக்குவரை போய்த் திரும்பியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: “பசையே இல்லையே தம்பி! ஆறு மாசம் முன்னாடியே மாத்தியிருக்கணும்.” போன தடவை மாற்றியே நாலு மாதம்தான் ஆகிறது என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை.

ஆயில் கறுத்திருப்பதும் அவர் கண்ணுக்குக் குற்றம்தான். எஞ்சின் கரியைப் படியவிடாமல் தன்னிடமே வைத்துக்கொள்ளத்தான் ஆயிலில் மருந்து சேர்க்கிறார்கள். கறுப்பது அது வேலை செய்கிற அடையாளம். மெக்கானிக் பையன் இதைச் சொல்லத் தொடங்கினான். சார் மறுபடி விரலைத் தோய்த்தார்.

டப்பாவில் ‘10டபிள்யூ-30’ என்று கண்டால் உதட்டைப் பிதுக்குவார். “டபிள்யூன்னா வெயிட். பத்து வெயிட் நம்ம ஊரு வெயிலுக்குத் தாங்குமா?” அந்த எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது, எஞ்சின் சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்வது பின்னால் வரும் 30.

“ஃபில்டர் மாத்துனியா?”

“ஸ்பிளெண்டருக்கு மாத்துற ஆயில் ஃபில்டரே கிடையாது சார். உள்ளே சல்லடைதான். கழுவி மாட்டணும்.”

“நான் ஜி.பி. ரோட்டுல சொல்லி வாங்கித் தரேன்.”

இதுவரை சிரிக்கலாம். மருமகனின் காருக்கு ஊற்றியது போக மிஞ்சிய ஆயிலை, “விலை ஒசந்தது, தேய்ச்சுப் பாரு” என்று மூன்றாம் மாடிக்காரரின் பைக்கில் ஊற்ற வைத்தாரே, அதற்குச் சிரிக்க முடியாது. பைக்கில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் குளிக்கிறது. உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த கார் ஆயில் பட்டால் பிடிப்பு வழுக்கும். பைக் ஆயில் டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ என்று பார்த்து வாங்கச் சொல்வது இதற்காகத்தான். கத்திப்பாரா மேம்பாலத்தில் ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க எஞ்சின் கத்தியது, வண்டி ஏறவில்லை. தள்ளிக்கொண்டு வந்தவரிடம் சார் சொன்னது: “கொஞ்சம் வடிச்சுக் காட்டுங்க, பதம் பார்ப்போம்.”

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். காலி டப்பா எதையும் அவர் முழுசாகக் குப்பைக்குப் போகவிடமாட்டார். போலி ஆயில் அடைப்பவன் கைக்குப் போய்விடும் என்று, மூட்டுவலியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் கத்தியால் நாலு ஓட்டை போடுவார். எல்லா வீட்டு டப்பாவுக்கும் அவரே போடுவார்.

ஆனால் தோய்த்த விரலை எங்கே துடைக்கிறார்? மெக்கானிக் நீட்டும் வேஸ்ட் துணி அவர் கண்ணில் படுவதே இல்லை. மாடிப்படிச் சுவரில், கைப்பிடிக்குச் சற்று மேலே, முதல் மாடிவரை வரிசையாகக் கறுப்பு ரேகைகள். பொங்கலுக்குத்தான் வெள்ளையடித்தார்கள். மறுபடி அடிக்க வீட்டுக்கு ஐந்நூறு என்று சங்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், பைக்கே இல்லாத வீட்டுக்கும் சேர்த்து. நோட்டீஸின் ஓரத்திலும் ஒரு கட்டைவிரல் இருக்கிறது.