ஏழரை வருஷ மாணவன்
கர்டிஸ் ஆர்ம்ஸ்ட்ராங் மிச்சிகனில் முறையாக நாடகம் படித்தவர். ஹாலிவுட் அவரிடம் எதிர்பார்த்ததோ மூக்கு நோண்டும் திறமையை. 1984-இல் வந்த 'ரிவெஞ்ச் ஆஃப் த நெர்ட்ஸ்' படத்தில் அவர் பெயரே 'பூகர்'. தமிழில் சொன்னால் மூக்குப்பீ. பெரிய ஏப்பம் விடுவது உபரித் தகுதி.

முந்தைய வருஷம் 'ரிஸ்கி பிசினஸ்'ஸில் டாம் க்ரூஸின் பள்ளித் தோழன். க்ரூஸுக்கு 21, தோழனுக்கு 29. 1985-இல் 'பெட்டர் ஆஃப் டெட்' மட்டும் கொஞ்சம் நேர்மையாக நடந்துகொண்டது: ஒரே உயர்நிலைப் பள்ளியில் ஏழரை வருஷமாகக் குப்பைகொட்டும் பையன் வேடம். (சனி பகவானுக்கும் அதே கணக்குதான்.)

2004-இல் 'ரே' படத்தில் இசைத்தட்டு அதிபர் அஹ்மத் எர்தெகுனாகக் கண்ணியமாக வந்தார். 2017-இல் தன்வரலாறு எழுதினார். நீளமான தலைப்பு. அந்தத் தலைப்பில் பூகர் இருக்கிறார், எர்தெகுன் இல்லை.