நேத்தே வந்திருக்கணும்

செப்டம்பர் கடைசி வாரம். இந்த வெயில் இன்னும் நாலு நாள் இருந்துவிட்டுப் போகக்கூடாதா என்று பிரிட்டன் முழுக்க ஏங்கிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் வானிலை வரைபடத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். காற்று கிழக்கிலிருந்து அடிக்க வேண்டும், ராத்திரியில் கொஞ்சம் மழையும் வேண்டும். விவசாயி இல்லை, காப்பீட்டு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவர். இந்த இனத்துக்கு அங்கே ட்விட்சர் என்று பெயர்.

பறவை பார்க்கிறவர் வேறு, ட்விட்சர் வேறு. முன்னவர் கொல்லைப்புறத்துச் சிட்டுக்குருவியையும் அரைமணி நேரம் ரசிப்பார். இவர் ரசிக்க வந்தவரே அல்ல, வசூலுக்கு வந்தவர். இவருக்கு வேண்டியது வழிதவறி வந்த பறவை. சைபீரியக் காட்டில் பொரிந்து, குளிருக்குத் தென்கிழக்காசியா போகவேண்டிய இளசு ஒன்று, ஆறு கிராம்தான் இருக்கும், முதல் பயணத்திலேயே திசை பிசகிக் கிழக்குக் காற்றில் அடிபட்டு ஷெட்லாந்துத் தீவில் யாரோ ஒருவருடைய முட்டைக்கோஸ் பாத்தியில் வந்து விழும். அதைப் பார்க்க இவர் லண்டனிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் போவார். வழிதவறியது யார் என்று கேட்டுவிடாதீர்கள்.

ஷெட்லாந்தில் மரம் அபூர்வம். களைத்து வந்த பறவை கல்சுவர் ஓரத்திலும் சாக்கடையிலும் காய்கறிப் பாத்தியிலும்தான் ஒதுங்கும். ஆகவே இவரும் அங்கேதான் ஒதுங்குவார். கழுத்தில் பைனாகுலர், தோளில் முக்காலியோடு டெலஸ்கோப், நாலு நாள் தாடி. அடுத்த வீட்டுக் கொல்லையை இப்படி எட்டிப் பார்க்கிற ஆளை நம்மூரில் கட்டிவைத்துக் கேள்வி கேட்டிருப்பார்கள்.

இந்தக் கூட்டத்தின் காசி, ஃபேர் ஐல். ஷெட்லாந்துக்கும் ஆர்க்னிக்கும் நடுக்கடலில் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தீவு. சொற்பப் பேர்தான் குடியிருக்கிறார்கள். உலகம் இதை ஸ்வெட்டர் பின்னலுக்காக அறியும். இவருக்கு ஸ்வெட்டர் குளிருக்குப் போட்டுக்கொள்ளும் துணி, அவ்வளவுதான். இங்கே 1948-இல் பறவை ஆய்வு நிலையம் தொடங்கியவர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தபோது முகாமில் உட்கார்ந்து போட்ட திட்டம் அது. முள்வேலிக்குள் இருக்கிறவருக்குப் பறவை மேல் ஆசை வருவது நியாயம். உங்களுக்கு என்ன சிறை என்று நம்மவரைக் கேட்டால், அலுவலக அடையாள அட்டையை எடுத்துக் காட்டுவார்.

அங்கே போகும் படகின் பெயர் ‘நல்ல மேய்ப்பன்’. பெயரை நம்பி ஏறுகிறவர்களுக்கு முதல் அரைமணியிலேயே தெளிவு பிறந்துவிடும். தெற்கே சில்லித் தீவுகளுக்குப் போகும் ‘சில்லோனியன்’ கப்பலுக்கோ, ‘பெரிய வெள்ளை வயிறுகழுவி’ என்று பட்டப்பெயரே உண்டு. 1980-களில் அக்டோபர் ஆனால் நூற்றுக்கணக்கான ட்விட்சர்கள் அங்கேதான் குவிவார்கள். அமெரிக்காவிலிருந்து புயலில் சிக்கிய பறவைகள் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து இறங்கும். “வயிறு சரியில்லை” என்று சொல்லித்தான் இவர் அலுவலகத்தில் லீவு எடுத்திருப்பார். கப்பல் கிளம்பிய சற்று நேரத்தில் அது சத்தியமாகிவிடும். பொய் சொன்ன பாவம் இவரைச் சேராது.

இத்தனையும் பட்டு, பாத்தியருகே மூச்சிரைக்க வந்து நிற்பார். முன்னாலேயே வந்தவர் தெர்மாஸைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

“இருக்கா?”

“இப்பத்தான், ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வரைக்கும் அந்தச் சுவர் மேலேயேதான் உட்கார்ந்திருந்தது.”

“எந்தப் பக்கம் போச்சு?”

“யாரும் பார்க்கலை. நேத்தெல்லாம் காலடியிலேயே மேய்ஞ்சுது. நீங்க நேத்தே வந்திருக்கணும்.”

ட்விட்சர் வாழ்வில் இதைவிடக் கொடிய வாக்கியம் கிடையாது. சொல்கிறவர் முகத்தில் அனுதாபம் இருக்கும், குரலில் சர்க்கரை இருக்கும். பறவையைத் தவறவிட்டதற்கு ‘டிப்’ என்று பெயர். டிப் ஆனவர் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார். இருட்டும்வரை அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்பார். சுவரும் இவரைப் பார்த்துக்கொண்டே நிற்கும்.

காலடியில் மேய்ந்தது என்பது புளுகில்லை. லான்சியோலேட்டட் வார்ப்ளர் என்று ஒரு பறவை, ஃபேர் ஐலுக்கே பேர்போன விருந்தாளி, புல்லுக்குள் எலி மாதிரி ஓடும். மனிதரின் பூட்ஸ் பக்கத்திலேயே பூச்சி தேடும். தூரத்துப் பறவைக்குப் பயன்படும் என்று வாங்கிய டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு இவர் தூரத்து வேலியைத் துழாவிக்கொண்டிருப்பார்.

பார்த்தேன் என்று சொன்னால் மட்டும் போதாது. அபூர்வப் பறவைகளுக்கென்று 1959-இல் ஒரு குழு அமைத்தார்கள். அதில் இருக்கும் பத்துப் பேர் விவரக்குறிப்பைப் படித்து ஒப்புக்கொண்டால்தான் நீங்கள் பார்த்தது பறவை. இல்லாவிட்டால் நீங்கள் ‘ஸ்ட்ரிங்கர்’, அதாவது கயிறு திரிப்பவர். அதன்பிறகு கடற்கரையில் உண்மையிலேயே ஒரு அதிசயம் வந்து நின்றாலும், நீங்கள் கைகாட்டினால் ஒருவரும் திரும்ப மாட்டார்கள்.

ஷெட்லாந்தின் தென்முனையில் 1985 செப்டம்பர் கடைசியில் ஒரு பறவை வந்து இறங்கியது. பிரிட்டனுக்கே அது முதல் தடவை. இன்றும் அங்கே அது தலைகாட்டினால் கார்கள் பறக்கும், குட்டி விமானம் வாடகைக்குப் பேசப்படும், கல்யாண நாட்கள் மறக்கப்படும். பறவையின் பெயர் பழுப்புக் கீச்சான்.

ஆம், நம்ம பழுப்புக் கீச்சான்தான். முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி கண்ணில் கறுப்புப் பட்டையோடு, குளிர்காலத்தில் நம்மூர்க் கருவேலங் கிளையில் உட்கார்ந்திருக்குமே, அதுதான். இதே மனிதரை ஜனவரியில் தமிழ்நாட்டுக்கு அழைத்துவந்து அதைக் காட்டுங்கள். “ஆமாம், அழகான பறவை” என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு வாட்சைப் பார்ப்பார். பிரிட்டனுக்குள் பார்த்ததை மட்டும் குறித்துவைக்கும் அவருடைய பட்டியலில் இது ஏறாது. தவிர, அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது, அதிலென்ன சுவாரஸ்யம்?

போகட்டும். இந்த அக்டோபரில் நீங்கள் அந்திநேரத்தில் வேலிப்பக்கம் கொஞ்சம் காது கொடுங்கள். கரகரவென்று யாரையோ திட்டுவதுபோலக் கேட்டால் அதுதான். பையை மாட்டிக்கொண்டு ஓட வேண்டாம். நாளைக்கும் அங்கேதான் இருக்கும், ஏப்ரல் வரைக்கும்.