வழி காட்டிய தபால்தலை

கேள்வி: பாரிஸில் நடந்த கண்காட்சிக்குப் பாண்டிச்சேரியில் தபால்தலை போட்டார்களாமே?

பதில்: போட்டார்கள். 1931-ல் பாரிஸின் வேன்சேன் வனத்தில் சர்வதேசக் காலனிக் கண்காட்சி. அங்கோர்வாட்டின் நகலையே அங்கே எழுப்பிவிட்டார்கள். அந்தத் தடபுடலுக்குத் தபால்தலையில் மட்டும் சிக்கனம். ஆப்பிரிக்கக் காலனிகளானாலும் சரி, நம் பாண்டிச்சேரியானாலும் சரி, அதே நாலு படங்கள்தான். காலனியின் பெயரும் விலையும் மட்டும் மாறும். நமக்கு வந்தவற்றில் விலை, காசு-பணக் கணக்கில். 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். ஆக, ஊதா நிற 12 காசுத் தலை அரைப் பணம். நாலில் ஒன்று, ‘நாகரிகத்துக்கு வழிகாட்டும் பிரான்ஸ்’. வழி கேட்டது யாரென்று எந்த மூலையிலும் அச்சடிக்கவில்லை. தபால் செலவு என்னவோ நம்முடையதுதான்!